கடலடி வாழ்விட ஆய்வை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்ளலாமா?

உவரிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் முதுநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் உவரி. அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். தாய்மாமாவுக்குத் தூத்துக்குடியில் விசைப்படகு இருக்கிறது. கடலின் அடித்தரையில் வாழும் உயிர்களையும், மனிதரின் செயல்களால் அந்தத் தரைக்கு நேரும் மாற்றங்களையும் ஆராய்வதையே என் தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற விருப்பம் கல்லூரிக்கு வந்த பிறகு எனக்குள் உறுதிப்பட்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் இது படிப்பைப் பற்றிய பேச்சாக மட்டும் நிற்பதில்லை. விசைப்படகு தரையோடு இழுக்கும் வலையான இழுவை மடி கரையை நெருங்கி வந்து, பார்கள் எனப்படும் கடலடிக் கல்திட்டுகளைச் சிதைத்துவிட்டது, அதனால்தான் முன்பு கிடைத்த மீன் இப்போது கிடைப்பதில்லை என்று அப்பா சொல்கிறார். நிலத்தை உழுதால்தான் விளையும், கடல்தரையும் அப்படித்தான், மடி இழுத்த இடத்தில்தான் மீன் வந்து மேய்கிறது என்று மாமா சொல்கிறார். இருவருமே சிறு வயதிலிருந்து கடலில் கிடந்தவர்கள். இருவர் சொல்லையும் என்னால் தள்ள முடியவில்லை. இதை அளந்து பார்த்துத் தீர்க்க ஒரு வழி உண்டா என்ற கேள்விதான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள், ஒரு மாற்றம் மனிதரால் வந்தது என்று எப்படி உறுதி செய்கிறார்கள், இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற ஆய்வாளர், பாளையங்கோட்டை எழுதியது:

மகளே, வணக்கம். கடலடி உயிரியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அப்பா சொல்வதையும் மாமா சொல்வதையும் அளந்து பார்க்க முடியும். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படகில் செல்லும் நாட்கள் இந்தத் தொழிலின் சிறு பகுதிதான். வான் வீன் என்னும் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கினால், அது தரையைத் தொட்டதும் வாய் மூடி, பெரும்பாலும் ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு பரப்பின் மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அந்த மண்ணை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கடல்நீர் விட்டு அலசி, தங்கியதைப் பார்மலினில் இட்டு, உயிர்கள் சிவந்து தெரிவதற்காக ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவருகிறோம். பெரிய வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே நாளில் அள்ளிய மண்ணைப் பிரித்து, அதிலுள்ள புழு, சிறுசிப்பி, ஓட்டுடலி என ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் இனங்கண்டு எண்ணி எடை போடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். பாலிகீட் புழுக்களை அவற்றின் நுண்முட்களின் வடிவத்தைக் கொண்டு இனம் பிரிக்கும் திறமையை முதலில் பெறுங்கள். அந்தத் திறமை உள்ளவருக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் இடம் உண்டு. அது இல்லாதவர் எழுதும் அறிக்கையை நான் முழுதாக நம்புவதில்லை.

புழுவுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்பார்கள். மீன் விலகிப் போய்விடும். புழுவும் சிப்பியும் இருந்த இடத்திலேயே இருந்து, வந்ததைத் தாங்கிக்கொள்ளும் அல்லது மடியும். ஆகவே அந்தத் தரையில் சில மாதங்களாக நடந்தது என்ன என்பதற்கு அவையே சாட்சி. கழிவு சேரும் இடத்தில் முதலில் நீண்ட ஆயுள் கொண்ட பெரிய உயிர்கள் மறையும். பின்னர் கேப்பிடெல்லா போன்ற சிறு புழுக்கள் ஏராளமாகப் பெருகும். கழிவு இன்னும் மிகுந்தால் எதுவுமே இராது. இந்த வரிசையைப் பியர்சனும் ரோசன்பெர்க்கும் 1978-இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார்கள். இன்றும் ஆலைக் கழிவுநீர்க் குழாயின் வாயிலிருந்து தொலைவு செல்லச் செல்ல மண் எடுத்துப் பார்க்கும்போது அந்த வரிசையைத்தான் தேடுகிறோம். நம் கடலின் சங்கும் மணலுக்குள் வாழும் புழுக்களைத் தின்றே வளர்கிறது என்பதால், இந்தக் கணக்கு நம் கரையின் பிழைப்போடும் தொடர்புடையது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் உயிர்நாடி. மாற்றம் மனிதரால் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், செயல் தொடங்குவதற்கு முன்பும் பின்பும் அளந்திருக்க வேண்டும். செயல் நடந்த இடத்தோடு, அதே ஆழமும் அதே மண்ணும் கொண்ட, செயல் நடக்காத இடங்களையும் அளந்திருக்க வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நம் கடல் கலங்கி, தரை மணலே இடம் மாறும். வடகிழக்கு மழையில் தாமிரபரணி புன்னைக்காயலில் கொண்டுவந்து கொட்டும் வண்டல் வேறு. இந்த இயற்கை ஏற்றத்தாழ்வு இரண்டு இடங்களிலும் ஒருபோலத் தெரியும். அதைக் கழித்த பிறகு ஓரிடத்தில் மட்டும் எஞ்சும் மாறுதலைத்தான் தாக்கம் என்று எழுதலாம்.

நம் கடலில் தட்டுப்படும் குறை, 'முன்பு' எப்படி இருந்தது என்ற பதிவு பல இடங்களில் இல்லாமையே. மன்னார் வளைகுடாவுக்கு இந்தியாவின் வேறு பல கடற்பகுதிகளுக்கு வாய்க்காத ஒரு பேறு உண்டு. முத்துக்குளிப்பு அரசுக்கு வருமானமாக இருந்ததால், பார்களில் சிப்பி எவ்வளவு இருக்கிறது என்று ஆங்கிலேயர் காலத்திலேயே மூழ்கிப் பார்த்து எழுதி வைத்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதே காலத்தை ஒட்டி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் தாங்களே நீருக்குள் இறங்கித் தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள முத்துப் பார்களையும் சங்கு நிலங்களையும் கண்டு எழுதினார்கள். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் இன்றைய நிலையை எதனோடு ஒப்பிடுவது?

பவளத்தின் கதை இதற்கு நேர்மாறு. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றி நெடுங்காலம் பவளக்கல் வெட்டி எடுத்தார்கள். 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் அது நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பின்னர்தான் மெல்லக் குறைந்தது. 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் அமிழ்ந்தன. வான் தீவு தேய்ந்ததால் அதன் முன்னே செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டிருக்கின்றன. இந்த வளைகுடாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கடினப் பவளங்கள் பதிவாகியுள்ளன. வெட்டப்படுவதற்கு முன் அந்தத் திட்டுகள் முழுமையாக எப்படி இருந்தன என்று சொல்லப் போதிய அளவீடுகள் நம்மிடம் இல்லை. இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

படிப்புக்கு வழி சுருக்கமாக: நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இராஜாக்கமங்கலம் கடல் அறிவியல் மையம், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் ஆகியவற்றைப் பாருங்கள். நிரந்தரப் பணி கிடைக்கும் வரை திட்டப் பணிகளில் ஆண்டுகள் கழியும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.


மதிப்பீட்டுப் பணியாளர், தூத்துக்குடி எழுதியது:

பெரியவர் ஆய்வு நிறுவனங்களின் பக்கத்தைச் சொன்னார். நான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். குடும்பம் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்பது என் பதில். துறைமுக விரிவாக்கம், அனல் மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கடலடிக் குழாய் என எது வந்தாலும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படியும் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படியும் மதிப்பீடு தேவைப்படுகிறது. அதில் சூழலியல், பல்லுயிரியம் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற வல்லுநர் கையொப்பமிட வேண்டும். அந்த இடத்துக்கு ஆட்கள் தேவை.

ஆனால் காலம்தான் போதாது. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவே கேட்கப்படுகிறது. கச்சான் காலத்தையும் வாடைக் காலத்தையும் சேர்த்துப் பாராமல் நம் கடல்தரையைப் பற்றி எழுதுவது அரைகுறை வேலை என்று எனக்குத் தெரியும். ஆகவே என்னால் முடிந்த இடங்களில் பழைய பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறேன். ஒரு திட்டத்தில், தூர்வாரிய மண்ணைக் கொட்டவிருந்த இடத்துக்கு அருகில் கடற்புல் இருப்பதை அறிக்கையில் எழுதியபோது, அந்த வரியை மென்மையாக்கித் தரும்படி பணம் கொடுத்தவர்கள் கேட்டார்கள். நிழற்படங்களும் இருப்பிடக் குறிப்பும் என் கையில் இருந்ததால் வரி அப்படியே நின்றது. இந்தப் பணிக்கு வருகிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல் அடுத்த வரைவில் இருக்காது.

தூர்வாருதலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மக்கள் பள்ளத்தை மட்டும் பார்க்கிறார்கள். பள்ளத்தைவிடக் கலங்கல் பரவும் பரப்பு மிகப் பெரியது. மிதக்கும் நுண்மண் ஒளியை மறைத்துக் கடற்புல்லை வாட்டும்; படியும்போது பவளத்தின் வாயை அடைக்கும். சேதுக் கால்வாய்க்காக 2005-இல் தூர்வாரத் தொடங்கியபோது எழுந்த முதன்மையான அறிவியல் கவலைகளில் இதுவும் ஒன்று. மின்நிலையங்களின் வெந்நீர் வேறு வகை. உள்ளே எடுக்கும் கடல்நீரைவிட வெளியேற்றும் நீர் 7 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த வரம்புக்குள் இருந்தாலும் வாய்க்கால் முகத்தில் உள்ள தரைவாழ் உயிர்களின் கூட்டம் மாறுகிறதா என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டியது நம் வேலை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் பவளங்கள் வெளிறியதைக் கண்டவர்களுக்கு, ஓரிரு டிகிரி என்பது சின்ன எண்ணாகத் தோன்றாது.


திரேஸ்புரத்துக்காரன் எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். என் அப்பா சங்கு குளித்தவர். நானும் சில ஆண்டுகள் குளித்துவிட்டு, இப்போது ஆராய்ச்சியாளர்களுக்குப் படகும் துணையும் கொடுத்து வருகிறேன். இங்கே எழுதிய பெரியவர்களை மதித்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன்.

மண் அள்ளும் கருவி மணலிலும் சேற்றிலும்தான் வேலை செய்யும். பாரின் மேல் விழுந்தால் வாய் மூடாமல் வெறுமையாக வரும். ஆகவே வெறுமையாக வந்த இடங்களை விட்டுவிட்டு, மண் வந்த இடங்களையே அட்டவணையில் எழுதிக்கொண்டு போனால், கடலின் வளமான இடம் கணக்கில் வராமலே போய்விடும். கல்லும், அதில் ஒட்டி வளரும் உயிர்களான பஞ்சுயிரியும் கடல் விசிறியும் நிற்கும் இடத்தில் இறங்கித்தான் பார்க்க வேண்டும், அல்லது கேமராவை இறக்க வேண்டும்.

எந்தப் பார் எங்கே இருக்கிறது, எந்த ஆழத்தில் மணல் முடிந்து கல் தொடங்குகிறது என்பது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். திருச்செந்தூர்க் கோபுரத்தையும் மணப்பாட்டுக் குன்றின் கோயிலையும் பின்னால் தெரியும் மலையையும் வைத்துக் கணித்து அவர்கள் பாரைக் கண்டுபிடிப்பார்கள். சில பார்களில் முன்பு கல்லில் ஒட்டி நின்றவை இப்போது இல்லை என்பதையும், அறுந்த வலைகள் கல்லில் சிக்கிக் கிடப்பதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பார்வை அளவீடு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கே அளக்க வேண்டும் என்பதைக் காட்ட அது போதும். ஆகவே நீங்கள் ஆய்வுக்கு வந்தால் இடங்களை வரைபடத்தில் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுப்பதற்கு முன் உவரியிலும் இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் உள்ள வயதானவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். காட்டிக்கொடுத்தவர்களின் பங்கை ஆய்வுக் கட்டுரையில் எழுதுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பாரின் இருப்பிடத்தை வெளியிடாதீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு.


உவரிக்காரி எழுதியது:

ஐயா, அண்ணாச்சி, எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு செய்திகளை இன்னும் கேட்க வேண்டும். உழுவதைப் பற்றி மாமா சொல்வதற்கு அளவீட்டில் பதில் இருக்கிறதா? அவருடைய படகுக்கு எதிரான முடிவு என் ஆய்வில் வந்தால் நான் என்ன செய்வது? அடுத்து, பெண்கள் நீரில் மூழ்கும் பணிக்கும் படகுப் பணிக்கும் போவது இங்கே எவ்வளவு இயலும்?


கடற்புல் ஆய்வாளர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் படுகைகளில் வேலை செய்பவள். முதல் நிலை ஸ்கூபாச் சான்றிதழுடன் 18 மீட்டர் வரையும், அடுத்த நிலையுடன் 30 மீட்டர் வரையும் இறங்கலாம். நம் கடற்புல்லும் தீவுகளைச் சுற்றியுள்ள பவளமும் பெரும்பாலும் முதல் வரம்புக்குள்ளேயே கிடைக்கின்றன. பெண்களைப் படகில் ஏற்றத் தயங்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஆய்வுக் குழுவின் தலைவர் முன்கூட்டியே ஊர்க் கமிட்டியிடம் பேசி, குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அந்தத் தயக்கம் விரைவில் நீங்குகிறது. கழிப்பறை இல்லாத படகில் நாள் முழுவதும் இருப்பதுதான் உண்மையான துன்பம். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வழிகாட்டியிடம் சேராதீர்கள், நேரத்தைத் திட்டமிட்டுத் தருபவரிடம் சேருங்கள். உங்களுக்குப் படகு பழக்கம் என்பது பெரிய முதல். 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதற்கு அடிப்படையாக நின்றது கடற்புல் படுகைகளின் வரைபடம். தரையில் மண்டியிட்டு, சதுரச் சட்டகம் வைத்துப் புல்லை எண்ணிய கைகள்தான் அந்த வரைபடத்தை உண்டாக்கின.


ஓய்வுபெற்ற ஆய்வாளர், பாளையங்கோட்டை எழுதியது:

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதில் ஒரு பகுதி சரி. அலையும் நீரோட்டமும் எப்போதும் புரட்டிக்கொண்டே இருக்கும் மணல்தரையில் வாழும் உயிர்கள் குறுகிய ஆயுளும் விரைந்த பெருக்கமும் உடையவை. மடி போன பின் அவை சீக்கிரம் மீளும். புழு தின்னும் சில மீன்களுக்குக் குறைந்த அளவு இழுவை இரையைக் கூட்டவும் செய்யலாம். ஆனால் விதைத்து அறுப்பதற்காகவே உழப்படும் நிலத்தில், முன்பு நின்ற காடு திரும்பி வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கடல் விசிறியும் பஞ்சுயிரியும் நிற்கும் தரையில் நாம் அந்தக் காட்டைத்தான் எதிர்பார்க்கிறோம், மீன்குஞ்சு ஒதுங்குவது அங்கேதான்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. பலகை கட்டிய இழுவை மடி ஒருமுறை கடக்கும்போது சராசரியாக 2.4 சென்டிமீட்டர் ஆழம் தரையைக் கிளறி, அங்குள்ள தரைவாழ் உயிரிகளில் 6 விழுக்காட்டை அகற்றுகிறது. நீரைப் பீய்ச்சித் தோண்டும் கருவி 16.1 சென்டிமீட்டர் இறங்கி 41 விழுக்காட்டை அகற்றுகிறது. இழுவை நின்றபின் தரை மீள்வதற்கு 1.9 முதல் 6.4 ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். மீன் முட்டையிட அது உதவலாம்; தரை மீள்வதற்கு அது போதாது என்பது அந்த எண்களை அருகருகே வைத்தாலே தெரியும். இந்தத் தொகுப்பின் தரவுகள் பெரும்பாலும் குளிர்ந்த கடல்களிலிருந்து வந்தவை. வெப்பமான நம் கடலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. உங்களைப் போன்றவர்கள் இங்கே அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவே காரணம்.

மீள்வது நடக்கவே நடக்காது என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008-இல் 206 சதுர கிலோமீட்டரில் தரையிழுவை நிறுத்தப்பட்டது. கடல் விசிறி உள்ளிட்ட தரைவாழ் உயிர்கள் அங்கே திரும்பி வருவதை ஆண்டுதோறும் படம் பிடித்து நிறுவியிருக்கிறார்கள். ஆழ்கடல் வேறு. பெரு நாட்டுக்கு அப்பால் நாலாயிரம் மீட்டருக்கும் கீழே கனிம முடிச்சுகளைத் தோண்டி எடுத்தால் என்ன ஆகும் என்று அறிய 1989-இல் கிளறிய தரையை 2015-இல் போய்ப் பார்த்தபோது தடங்கள் அப்படியே இருந்தன. நம் நாடும் மத்திய இந்தியப் பெருங்கடலில் கனிம முடிச்சுகளுக்கு உரிமை பெற்றிருப்பதால், உங்கள் பணிக்காலத்தில் இந்தக் கேள்வி உங்கள் மேசைக்கும் வரும்.

ஆய்வின் முடிவு மாமாவுக்கு எதிராக வந்தால், வந்ததை வந்தபடியே எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள். அதைவிட, இப்போதே அவரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற சட்டம் 1983 முதல் இருக்கிறது. அதற்கு வெளியே அவர் இழுக்கும் இடங்களின் தரையைப் பற்றி நம்மிடம் உள்ள பதிவு மிகக் குறைவு. அவர் படகில் வரும் சங்காயத்தில், அதாவது விலை போகாத கலப்புப் பிடிப்பில், மீனோடு நட்சத்திர மீன், பஞ்சுயிரித் துண்டு, சிப்பி, நண்டு எல்லாம் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரு கூடையை வாங்கிப் பிரித்து எண்ணுங்கள். கடலட்டை, கடற்குதிரை, பவளம் ஆகியவை சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றை வைத்திருக்காமல் படத்தோடு குறிப்பெழுதிவிட்டு, உயிரோடு இருந்தால் படகிலேயே கடலில் விடச் சொல்லுங்கள். மடி இறக்கிய இடம், ஏற்றிய இடம், ஆழம், இழுத்த நேரம், மடியின் கண்ணளவு ஆகிய ஐந்தும் இல்லாத கூடை ஆய்வுக்குப் பயன்படாது. விவரச் சீட்டைப் பென்சிலால் எழுதி, உயிர்களைப் பதப்படுத்தி வைக்கும் சாராயப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.